இலக்கம் எண்பத்தாறு

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கருவி அறை என்று ஒன்று இருக்கிறது. நோயாளிகளுக்கு அது தெரிய வேண்டியதில்லை. டாக்டர்களில் பாதிப் பேருக்கே தெரியாது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிப்பில் கொஞ்சம் கடுப்பும் இருக்கும். மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்திரி, இடுக்கி, ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் தனி லிஃப்டில் கீழே வரும். ஒரு பக்கம் கழுவிக் காயவைத்து, சுவரிலிருக்கும் ஜன்னல் வழியாகச் சுத்தமான பக்கத்துக்குத் தள்ளுவார்கள். அந்தப் பக்கம் நாலு மேஜை, மேஜைக்கு ஒருத்தர். பட்டியலைப் பார்த்துக் கருவிகளைத் தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணி சுற்றி, டேப் ஒட்டி, சீட்டுக் கட்டி, கிருமியைக் கொல்லும் ஆவி மெஷினுக்குள் அனுப்ப வேண்டும். வெளியே வரும்போது, சூடு சரியாக ஏறி டேப்பின் கோடு கறுத்திருந்தால் தட்டு மாடிக்குப் போகும்.

மூன்றாம் மேஜை நம் அக்காவுடையது. பத்தொன்பது வருஷமாக அதே மேஜைதான். அவளுக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். மேஜை விளக்கோடு ஒரு பெரிய கண்ணாடி வளையம் பொருத்தியிருக்கும், மற்ற மேஜைகளிலும் இருக்கிறது. மற்றவர்கள் அதில் மாஸ்க்கை மாட்டி வைப்பார்கள். இவள் மட்டும்தான் ஒவ்வொரு கிளாம்பையும் மூன்று முறை திறந்து மூடி, அதன் மூட்டின் இடுக்கைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்துப் பார்ப்பாள். "கத்திரியெல்லாம் மூஞ்சியை நல்லாக் கழுவிட்டு வந்துடும்டி, அக்குள்ளதான் அழுக்கு இருக்கும்" என்பாள். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள், அவளுக்கு அது ஜோக் இல்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பொறுப்பாளர் பதவி வேண்டும் என்ற ஆசை. கதவுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிய போனுக்குக் கீழே அந்த நாற்காலி இருந்தது. நாலு மேஜைத் தட்டும் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். இரண்டு தடவை அது காலியாகி, இரண்டு தடவையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முதல் தடவை வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை, "நீங்க மேஜையை விட்டு எழுந்துட்டா அப்புறம் மேஜைக்கு யாரு?" என்று கேட்டு மடக்கிவிட்டார்கள். நன்றாக வேலை செய்ததற்கு இது தண்டனையா பரிசா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போது மூன்றாவது தடவையாக அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். ஆனால் வாயைத் திறந்தால் முன்னேற்றம். காலை வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை முன்னேற்றம். ஒரே வாரத்தில் அவருக்கும் பெயர் வந்துவிட்டது: முன்னேற்றம் சார். அவர் வந்த பத்தாம் நாள், கீழ்த்தளத்துக்காரர்கள் எல்லோரையும் மேலே கூடத்துக்கு வரச்சொல்லி வகுப்பு எடுத்தார். வேலைத்திறனை எப்படி வளர்ப்பது, வாழ்க்கையில் குறி வைத்து எப்படி நடப்பது, இதெல்லாம் திரையில் கலர் கலராக ஓடியது.

அக்கா ஆர்வமாகத்தான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், நோட்டுப் புத்தகம்கூட எடுத்துப் போயிருந்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தியேட்டரில் அவசரக் கேஸ், எலும்பு ஆபரேஷன் தட்டு உடனே வேண்டும் என்று ஆள் வந்துவிட்டது. அவளைத் தவிர யார் எழுந்து போவார்கள்? போனாள். தட்டைக் கட்டி, மெஷினுக்கு அனுப்பி, மறுபடியும் படியேறப் போனபோது வகுப்பே முடிந்து எல்லோரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பையன் வயசு அலுவலக எழுத்தர் ஒருவர் அவள் கையில் ஒரு தாளைத் திணித்து, "அக்கா, எல்லாரும் குடுத்துட்டாங்க, நீங்கதான் பாக்கி. சட்டுனு எழுதிக் குடுங்க" என்று பேனாவையும் நீட்டினார்.

மெஷின் ஆவியில் அவள் மூக்குக் கண்ணாடி மங்கிக் கிடந்தது. கை ஈரம். தாளில் மூன்றே கேள்வி. முதலாவது பெயர், எழுதினாள். இரண்டாவது பிரிவு, எழுதினாள். மூன்றாவதாக இலக்கு என்று போட்டிருந்தது. அவள் இலக்கம் என்று படித்தாள்.

அவளைத் திட்டாதீர்கள். பத்தொன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாவற்றிலும் பெயர், பிரிவு, இலக்கம், இதே வரிசைதான். லீவுத் தாளிலும் அதுதான், சீருடை வாங்குகிற தாளிலும் அதுதான். தட்டில் கட்டும் சீட்டில்கூட 'கட்டியவர் இலக்கம்' என்று ஒரு வரி உண்டு, கட்டிய ஆள் யார் என்று தெரிவதற்கு. கை பழகிப்போன பழக்கத்தில், பணியாளர் இலக்கத்தை அழகாக எழுதி அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தாள். எண்பத்தாறு.

அடுத்த திங்கள்கிழமை முன்னேற்றம் சார் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கருவி அறைக்கே வந்துவிட்டார். முகம் சரியில்லை. இரண்டாம் மேஜையில் வாயாடி என்று ஒருத்தி உண்டு, அக்காவுக்குத் தங்கச்சி வயசு, பெயருக்கேற்ற ஆள். அவள் எழுதியதைத்தான் முதலில் படித்தார்.

"'நிறுவனத்தின் உயரிய நோக்கங்களோடு என்னை இணைத்துக்கொண்டு சிகரங்களைத் தொடுவேன்.' என்னம்மா இது? எந்தச் சிகரம்?"

"போன்ல இருந்துச்சு சார், அப்படியே எழுதிட்டேன். நல்லா இல்லையா?"

"அளக்கணும்மா! அளக்க முடியாத ஆசை வெறும் கனவுன்னு அவ்வளவு நேரம் சொன்னேனே!" என்று தலையில் கை வைத்தார். பிறகு கடைசித் தாளை எடுத்தார், முகம் மலர்ந்துவிட்டது. "இந்த அறையில ஒரே ஒருத்தங்கதான் நான் சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை கிடையாது. வெறும் நம்பர். எண்பத்தாறு! எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். அக்கா திருதிருவென்று விழித்தாள். தன் நம்பருக்கு எதற்குக் கைதட்டல் என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பத்தொன்பது வருஷ சேவைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்த நம்பர் உங்களுக்கு எப்பத் தோணுச்சு?" என்று சார் கேட்டார்.

"தோணலை சார். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே குடுத்துட்டாங்க."

"சேர்ந்த அன்னிக்கேவா! யாரு?"

"ஆபீஸ்லதான்."

"அப்போ இவ்வளவு வருஷமா யாரும் இதைக் கண்டுக்கலை."

"யாரு சார் கண்டுக்கறாங்க, சம்பளம் போடும்போது பாப்பாங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது என்று வாயாடி பிற்பாடு சத்தியம் செய்தாள். "இனிமே நான் கண்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. நாலு பெயர், நாலு கட்டம். அக்காவின் பெயருக்கு நேரே: 'நேற்றுக் கட்டிய தட்டு 50. இலக்கு 86.' மற்ற மூன்று பேருக்கும், எழுதத் தெரியாத குற்றத்துக்கு, ஆளுக்கு 65 என்று சாரே போட்டிருந்தார்.

"அக்கா, உனக்குப் பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருக்கா?" என்று வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒரு நாளைக்கு எண்பத்தாறு தட்டா? நீ கெட்டதும் இல்லாம எங்களையும் கெடுத்துட்டியே! யாரு உன்னை எழுதச் சொன்னது?"

"நான் எங்கடி தட்டுன்னு எழுதினேன்? என் நம்பரைத்தான் எழுதினேன்."

"இலக்குன்னு கேட்டா நம்பரையா எழுதுவாங்க?"

"இலக்கம்னு இல்ல கேட்டிருந்தாங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயாடி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்த முடியவில்லை. துணி அடுக்கின் மேல் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்காவுக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. நாலாம் மேஜைக்காரர் சிரிக்கவில்லை. அவர் அன்றிலிருந்து அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். உண்மையாகவே கிளம்பினாள். சாருடைய அறைக் கதவைத் தட்டி, "சார், அந்த எண்பத்தாறு விஷயமா..." என்று ஆரம்பித்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நானே கூப்பிட இருந்தேன்" என்றார். "மூணு மாசம் டைம். எண்பத்தாறைத் தொட்டுட்டீங்கன்னா பொறுப்பாளர் பதவி உங்களுக்குத்தான். மேல பேசிட்டேன். நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

 இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று அவளிடம் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. "ஒண்ணுமில்ல சார், தேங்க்ஸ் சொல்லத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வெளியே வந்ததும் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இரண்டு ஆலோசகர்கள் இருந்தார்கள். கணவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "தப்பா எழுதிட்டேன்னு சொல்லிடு, என்ன தலையையா சீவிடுவாங்க?" என்றார். மகள் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவள் அறைச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலட்சியம் எழுதியிருப்பாள்.

"அம்மா, இது தப்பு இல்ல, சான்ஸ். பெரிசா குறி வச்சாத்தான் வளர முடியும். ஏழு மணி நேர வேலை, எண்பத்தாறு தட்டு. ஒரு தட்டுக்கு அஞ்சு நிமிஷம்கூட வராது. இப்ப எவ்வளவு ஆகுது?"

"எட்டு நிமிஷம். சிலதுக்குப் பத்து."

"அதுல எங்க நேரம் போகுதுன்னு எழுது. வேண்டாததை வெட்டு."

"எது வேண்டாததுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"எழுதினா தெரியும்மா."

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம், ஒரு நாளைக்கு இத்தனை லிஃப்ட்னு எனக்கு யாராவது கணக்கு வச்சா, நீ படியில நடந்து போயிடு" என்றார் அவர். மகள் அப்பாவை முறைத்தாள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், இரண்டும் சரியாகத்தான் பட்டது, அதுதான் தொல்லை.

ஆனாலும் எழுதினாள். எழுதியதில் விஷயம் இருக்கத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. சுற்றும் துணியை எடுக்க ஒவ்வொரு தடவையும் பதினோரு அடி நடக்கிறாள் என்று கண்டுபிடித்தாள். துணியை மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். டேப்பை முன்கூட்டியே துண்டு துண்டாகக் கிழித்து மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். சீட்டை அச்சடிக்கும் புது மெஷின் ஒரு வருஷமாக உறையோடு கிடந்தது, அதை வாயாடியோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஐம்பது ஐம்பத்தெட்டானது. அறுபத்து நாலானது. நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒன்று கைவசமாவது என்ன சுகம்! பலகையில் நம்பர் ஏற ஏற, காலையில் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கைகழுவப் போனாள். சார் கடந்து போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவளும், கூச்சமாக இருந்தாலும், உயர்த்திக் காட்டக் கற்றுக்கொண்டாள்.

அறுபத்து நாலோடு நின்றிருக்கலாம். அதற்கு மேல் வெட்டுவதற்கு நடையும் இல்லை, டேப்பும் இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் கண்ணாடி வளையம் மட்டும்தான். அவள் ஒரு நாள் உட்கார்ந்து அதை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்யவில்லை. மூன்று முறை திறந்து மூடியது இரண்டானது, இரண்டு ஒன்றானது. பெரிய கிளாம்பைப் பார்த்தால் போதும், சின்னது சுத்தமாகத்தானே வந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. எழுபத்தொன்று. பிறகு ஒரு நாள் மதியம், தன் மாஸ்க் அந்தக் கண்ணாடியில் தொங்குவதைப் பார்த்தாள். யார் மாட்டினார்கள் என்று யோசித்தாள். அவளேதான் மாட்டியிருந்தாள்.

"பூதக்கண்ணாடி இப்போ எக்ஸ்பிரஸ் ஆயிடுச்சு" என்று வாயாடி கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் குழப்பமாக இருந்தது. முன்பு மெதுவாகச் செய்தபோது யாரும் மதிக்கவில்லை. இப்போது வேகமாகச் செய்கிறாள், மதிக்கிறார்கள். அப்படியென்றால் முன்பு செய்தது வேலை இல்லையா, இப்போது செய்வது வேலை இல்லையா? யாரிடம் கேட்பது? கேட்டால் மகள் ஒன்று சொல்வாள், மகளின் அப்பா ஒன்று சொல்வார்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, காலை பத்தே காலுக்கு, சுவர் போன் அடித்தது. பொறுப்பாளர் இல்லாததால் பக்கத்தில் நின்ற நாலாம் மேஜைக்காரர் எடுத்தார். கேட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு, மாதக் கணக்கில் பேசாதவர், முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"தியேட்டர்லேர்ந்து. 'எண்பத்தாறு யாரு?'ன்னு கேக்கறாங்க."

தட்டு அதற்குள் லிஃப்டில் கீழே வந்துவிட்டது. கூடவே தியேட்டர் சிஸ்டரும் படியிறங்கி வந்தார். நீலத் தொப்பி, கையில் ஒரு சின்ன கிளாம்ப், பஞ்சுத் துணியில் சுற்றியிருந்தது. அக்கா கண்ணாடி வளையத்தில் தொங்கிய மாஸ்க்கை எடுத்து வீசிவிட்டு, கிளாம்பை அதற்கு அடியில் பிடித்தாள். மூட்டின் இடுக்கில், கடுகில் பாதி அளவுக்கு, காய்ந்த ரத்தம்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றார் சிஸ்டர். "வேற தட்டு எடுத்துட்டோம், ஒண்ணும் ஆகலை. ஆனா ஆள் மேஜையில படுத்து அரை மணி நேரம் காத்துக்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்து 'ஏதாவது கோளாறா சிஸ்டர்?'னு கேட்டாரு, நான் என்னத்தைச் சொல்றது?"

அக்கா கிளாம்பை ஒரு முறை திறந்து மூடினாள்.

"சீட்டுல உங்க நம்பரைப் பாத்ததும் நம்பலை அக்கா. வேற யாரோ மாத்தி எழுதிட்டாங்கன்னு நெனச்சுத்தான் போன் பண்ணேன். உங்க தட்டுன்னா நான் கிளாம்பைத் திறந்துகூடப் பாக்க மாட்டேன், இன்னிக்கு என்னமோ பாத்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, முந்தானை இல்லாத சீருடையில் எதைக்கொண்டு முகத்தைத் துடைப்பது என்று தெரியாமல், சுற்றும் துணியையே எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. முகம் தெரியாத அந்த ஆள் மேஜையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவை விட்டுப் போகவில்லை.

அன்று மாலை பலகையில் முந்தின நாள் கணக்கை ஏற்றியிருந்தார்கள். 79. அதுவரை யாரும் தொடாத நம்பர். கீழே சார் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அவள் சாருடைய அறைக்குப் போனாள். இந்தத் தடவை உட்காரவில்லை, உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று பயம். கிளாம்ப் விஷயத்தைச் சொன்னாள். அது அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. பிறகு மற்றதைச் சொன்னாள்.

"சார், எண்பத்தாறு என் இலக்கு இல்ல. என் இலக்கம்."

"புரியலையே."

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். மனுஷர் முகத்தில் ஓடிய குழப்பத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"நீங்க... 'சேர்ந்த அன்னிக்கே குடுத்துட்டாங்க'ன்னு சொன்னது..."

"இதைத்தான் சார்."

"நான் மேல சொல்லிட்டேனேம்மா" என்றார் அவர், சின்னக் குரலில். "என்னோட தாள்ல, என்னோட இலக்குன்னு, 'பணியாளர் ஒருவரை எண்பத்தாறுக்குக் கொண்டுவருவேன்'னு எழுதியிருக்கேன்."  பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "சரி, விடுங்க. இப்பச் சரியா எழுதுங்க. உங்க இலக்கு என்ன?"

அக்கா யோசித்தாள். பொறுப்பாளர் நாற்காலி என்று எழுதலாமா? கை கூசியது. ஐம்பது என்று எழுதலாமா? அறுபத்து நாலா? எல்லா நம்பரும் ஒரே நேரத்தில் சரியாகவும் தப்பாகவும் தெரிந்தது. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொன்னாள்.

"மாடியிலேர்ந்து என் நம்பரைச் சொல்லி போன் வரக் கூடாது சார். அவ்வளவுதான்."

"அதை எப்படிம்மா அளக்கறது?"

"வந்தா ஒண்ணு. வரலைன்னா ஒண்ணுமில்ல."

சாருடைய முகம் லேசாகத் தெளிந்தது. அளக்க முடிகிறதே! பேனாவை எடுத்து அவரே எழுதினார். மதியத்துக்குள் பலகையும் மாறிவிட்டது. அவள் பெயருக்கு நேரே 'இலக்கு: 0' என்று போட்டிருந்தது.

அதைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். கழுவும் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, உங்களுக்கு ரிட்டயர்மெண்டா?" என்று கேட்டாள். வீட்டில் மகள், "பூஜ்யத்தை யாராவது இலக்கா வைப்பாங்களாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கணவர் மட்டும், "நம்ம தொழில்லயும் அதுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூன்று மாதம் முடிந்தது. பூஜ்யம் போட்ட ஆளைப் பொறுப்பாளராக்க மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அறுபத்தெட்டு தட்டு கட்டிய வாயாடிக்குப் பதவி கிடைத்தது. அக்காவுக்கு வலித்தது. பெருந்தன்மையாகச் சிரித்தாள், வாழ்த்தினாள், அதெல்லாம் செய்தாள், ஆனால் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. "நான் வேணும்னு கேக்கலை அக்கா" என்று வாயாடி கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்டி, போய் உக்காரு, ஒரு சக்கரம் லூசா இருக்கு, பாத்து" என்றாள் அக்கா. மெஷினுக்குப் போகிற தட்டில் சந்தேகம் வந்தால் வாயாடி மூன்றாம் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டினாள். சில நாள் அக்கா பார்த்துச் சொன்னாள், சில நாள் "உன் வேலையை நீ பாரு" என்று எரிந்து விழுந்தாள்.

துணி மேஜைக்கு அடியில்தான் இருந்தது. டேப் துண்டுகளும் புது மெஷினும் அப்படியே இருந்தன. கண்ணாடி விளக்கு காலையிலிருந்து எரிந்தது. ஒரு நாளைக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமைதோறும் சார் மார்க்கர் பேனாவோடு வந்து, "போன் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்பாள். பூஜ்யம் போட்டுவிட்டு, தான் செய்வது சரியா என்று தனக்கே சந்தேகமாக ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார். பதினேழு வெள்ளிக்கிழமை, பதினேழு பூஜ்யம்.

பதினெட்டாவது வெள்ளிக்கிழமை, சார் மார்க்கரின் மூடியைத் திறந்துகொண்டு நிற்கும்போது போன் அடித்தது. வாயாடி எடுத்தாள். "ஆமா... எண்பத்தாறா?" என்றாள். அவள் முகம் மாறிவிட்டது. போனை நீட்டினாள். நாலாம் மேஜைக்காரர் கையிலிருந்த கத்திரியோடு அப்படியே நின்றார். அக்கா எழுந்து நடந்தாள். மூன்றாம் மேஜையிலிருந்து கதவு வரை இருக்கிற நாலு எட்டில், அந்த வாரம் கட்டிய தட்டு ஒவ்வொன்றும் கண்முன் வந்தது. எதில் தவறவிட்டேன், எதில்?

"எண்பத்தாறுதான் பேசறேன்" என்றாள்.

"அக்கா, நான்தான் தியேட்டர் சிஸ்டர். நாளைக்குக் காலையில ஒரு சின்னக் குழந்தைக்கு ஆபரேஷன். குட்டி கிளாம்ப் தட்டு வேணும். டாக்டர் சீட்டைப் பாத்துட்டு, 'எண்பத்தாறுன்னு போட்டு வருமே, அந்தத் தட்டையே கேட்டு வாங்குங்க'ன்னு சொன்னாரு. உங்களால கட்டித் தர முடியுமா?"

"எந்த டாக்டர்?"

"பெரியவர்தான். 'யாரும்மா அந்த எண்பத்தாறு? எங்க இருக்காங்க?'ன்னு கேட்டாரு. கீழ இருக்காங்கன்னு சொன்னேன்."

"கட்டித் தரேன்" என்றாள் அக்கா.  போனை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னக்கா? என்னாச்சு?" என்று வாயாடி உலுக்கினாள்.

சொன்னாள். வாயாடி முதலில் கத்தினாள், பிறகு அவளைக் கட்டிக்கொண்டாள். நாலாம் மேஜைக்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லது" என்றார். முன்னேற்றம் சார் மட்டும் மார்க்கரைக் கையில் பிடித்தபடி பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன் வந்துடுச்சே" என்றார்.

"வந்துடுச்சு சார்."

"உங்க நம்பரைச் சொல்லி."

"ஆமா சார்."

"மாடியிலேர்ந்து."

"ஆமா."

"அப்போ இலக்கு..." என்று இழுத்தார். "இது... தவறினதா ஆகுமா? நான் என்னம்மா போடறது?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது. "வந்தா ஒண்ணுன்னு நான்தானே சொன்னேன். ஒண்ணு போடுங்க சார்."

அவர் ஒன்று என்று போட்டார். மனசு கேட்காமல் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார், பிறகு அதை அழித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டார். அக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் கைகழுவிவிட்டு வந்து, குட்டி கிளாம்ப் பட்டியலை எடுத்து வைத்து, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். மொத்தம் பன்னிரண்டு. முதல் கிளாம்பை எடுத்து மூன்று முறை திறந்து மூடினாள்.